மாடியக்காவின் மேகப்படம்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு அலுமினியக் கம்பிகள் இன்னும் நிற்கின்றன. ஒரு பிளாஸ்டிக் குழாயின் உச்சியில் பலகைத் துண்டை முடுக்கி, அதன்மேல் இரண்டு பக்கமும் நீட்டிக் கட்டியவை. துணி உலர்த்தப் போகும்போதெல்லாம் முந்தானை மாட்டுகிறது என்று என் மனைவி திட்டுகிறாள். கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டால் தீர்ந்தது. எனக்குத்தான் கை வரவில்லை. உடம்பு அலுப்பு ஒரு காரணம். கீழே இரண்டு பவர்லூமை ஓட்டிக்கொண்டு, அறுந்த இழையை முடிந்துகொண்டு, கரண்ட் போனால் நெற்றியில் கை வைத்து உட்கார்ந்திருப்பவனுக்கு மாடிப்படி ஏறுவதே தனி வேலை. இன்னொரு காரணம், அந்தக் கம்பிகளுக்குச் சொந்தக்காரர்.

அவரை நாங்கள் மாடியக்கா என்றுதான் கூப்பிட்டோம். எங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகளை வேலூரில் கட்டிக் கொடுத்திருந்தார். மகள் கூப்பிட்டும் போகாமல் ஆரணியிலேயே தங்கியதற்குக் காரணம், அவருடைய தங்கை. எங்கள் தெருவின் மேலக் கோடியில்தான் தங்கை வீடு. எங்கள் மாடியில் நின்று பார்த்தால் அந்த வீட்டு வாசல் தெரியும். வாடகை பேச வந்த அன்று தண்ணீர் வருமா, காற்று வருமா என்று எதையும் கேட்காமல் அதை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

எக்ஸ்சேஞ்சில் அவருக்கு டெஸ்ட் டெஸ்க் வேலை. போன் வேலை செய்யவில்லை என்று யாராவது புகார் சொன்னால், கோளாறு எக்ஸ்சேஞ்சுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே தெருக் கம்பியில் இருக்கிறதா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சோதித்துச் சொல்ல வேண்டும். உள்ளே சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் லைன்மேனை வெளியே அனுப்புவார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. எது நடந்தாலும் "உள்ளயா, வெளியவா?" என்பார். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே தேட ஆரம்பித்துவிடுவார். தேடிக்கொண்டே இருப்பார். வெளியே என்று அவர் வாயால் நான் கேட்டது ஒரே ஒரு முறைதான்.

போளூர் பஸ் நேரத்துக்கு முன்பே கிளம்பிப் போய்விட்டால் நாமெல்லாம் டிரைவரைத் திட்டுவோம். மாடியக்கா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னே தள்ளி வைப்பார். பால் திரிந்தால் அவர் பாத்திரம் சரியாகக் கழுவவில்லை. மகள் போனில் சுருக்கென்று பேசினால் அவர் கூப்பிட்ட நேரம் சரியில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அவர் படுக்கிற அறையில் கூரை ஒழுகியிருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது. வேறு ஏதோ வேலையாக மேலே போனவன் சுவரில் பாசியைப் பார்த்துப் பதறிப்போய்க் கேட்டபோது, "ஜன்னல நான் சரியா சாத்தாம விட்டுட்டேன் போல தம்பி" என்றார். ஜன்னல் இருந்தது எதிர்ச் சுவரில்.

இப்படி ஒரு குடித்தனக்காரர் அமைந்தால் வீட்டுக்காரனுக்குக் கொண்டாட்டம் என்று நினைப்பீர்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். திட்ட வேண்டிய இடத்தில் திட்டாத மனுஷியோடு எப்படிச் சண்டை போடுவது, எப்படி மன்னிப்புக் கேட்பது? கொத்தனாரைக் கூப்பிட்டு ஒழுகலை அடைத்தேன். அதற்கும் அவர், உங்களுக்கு வீண் சிரமம் கொடுத்துவிட்டேன் என்று ஒரு வாரம் வருத்தப்பட்டார்.

தங்கை அக்காவுக்கு நேரெதிர். நல்ல மனசு, ஆனால் வாய் சும்மா இருக்காது. அவர் கணவர் கைத்தறி நெசவாளர், முன்கோபி. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டுப் பாவை, அதாவது சேலையின் நெடுக்கு இழைகளை, தெருவில் நீளமாக நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, வாரி, இளவெயிலில் காயவைத்துச் சுருட்ட வேண்டும். அதற்குத் தெருவாசிகள் நாலைந்து பேர் கை கொடுக்க வேண்டும். பாவு தெருவில் கிடக்கும் அந்தக் காலை நேரத்தில் மழை வந்தால் தொலைந்தது. கஞ்சி கரைந்து, இழையோடு இழை ஒட்டி, சாயம் இறங்கி, எடுத்து அழத்தான் வேண்டும். சந்தவாசல் பக்கம் கறுத்தால் மழை என்பது எங்கள் தெருக் கணக்கு. போனில் பார்த்தால், வெயிலடிக்கும்போது மழைப் படம் காட்டும், நனைந்துகொண்டு பார்த்தால் சூரியனைக் காட்டும்.

ஒருமுறை தங்கை வீட்டுப் பாவு தூறலில் மாட்டிக்கொண்டது. பாதிதான் தேறியது. மாடியக்காவுக்கு மனசு கேட்கவில்லை. பழைய ஆபீஸ் சிநேகிதர் ஒருவரிடம் விசாரித்தார். வானிலைச் சாட்டிலைட்டுகள் மேகத்தைப் படம் பிடித்து, போகிற வழியெல்லாம் கீழே அனுப்பிக்கொண்டே போகின்றன, அதற்குக் காவல் கிடையாது, சிக்னலை வாங்குகிற கட்டைவிரல் அளவு டாங்கிள் ஒன்றும் பழைய லேப்டாப்பும் இரண்டு கம்பியும் இருந்தால் எவரும் வீட்டிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். மாடியக்கா அடுத்த வாரமே எல்லாவற்றையும் வாங்கிவிட்டார்.

கம்பி கட்டிய அன்று அக்காவும் தங்கையும் மாடியில் இருந்தார்கள். குழாயைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு. கம்பிகள் காற்றில் ஆடிக்கொண்டே இருந்தன. பிளாஸ்டிக் கயிறு வழுக்கியது. சணல் மக்கிவிடும். தங்கை சட்டென்று இறங்கி வீட்டுக்குப் போய்க் கழிவு ஜரிகை ஒரு கொத்து எடுத்து வந்தார். போலி ஜரிகை, விலைக்குப் போகாதது. எங்கள் ஊரில் செடி கட்டுவதும் பரண் மூட்டை கட்டுவதும் அதில்தான். இரண்டு கம்பியும் சேருகிற இடத்தில் டேப்பைச் சுற்றி, அதன்மேல் ஜரிகையை இறுக்கமாகச் சுற்றி, தங்கை தன் கையாலேயே முடிச்சுப் போட்டார். கம்பி அப்புறம் அசையவில்லை. சாயங்காலம் முதல் படம் இறங்கியது. லேப்டாப்பில் மேலிருந்து கீழாக வரிவரியாக வங்காள விரிகுடா வந்தது. "ஊடை ஊடையா எறங்குதே!" என்று, தறியில் குறுக்கிழை விழுவதைப் பார்ப்பவர் போலத் தங்கை வாயைப் பிளந்தார். அக்கா படத்தைப் பார்க்கவில்லை, தங்கை முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் படம் பிடித்துத் தங்கை போனுக்கு அனுப்புவார். கூட ஒரு வரி எழுதுவார். மேகம் இங்கே இருக்கிறது, மழை வருமா என்று எனக்குத் தெரியாது. எப்போதும் அதே வரிதான். வருமா வராதா என்று ஒரே வார்த்தையில் சொல்லக்கூடாதா என்று தெரு அலுத்துக்கொள்ளும். படத்தில் இல்லாததை அவர் சொல்ல மாட்டார்.

படம் எப்போதும் சரியாக வந்ததில்லை. முதலில் சில மாதம் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழுந்தது. கம்பியைத் திருப்பி வைத்தார், ஒயரை மாற்றினார், லேப்டாப்பை மூலைக்கு மூலை இழுத்தார். எல்லாம் செய்து ஓய்ந்துபோன பிறகு ஒருநாள் தயங்கித் தயங்கிக் கீழே வந்தார். "தம்பி, தப்பா நெனச்சிக்காதீங்க. சாட்டிலைட் போற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் தறிய நிறுத்த முடியுங்களா? உங்க தறி மேல ஒண்ணும் இல்ல. என் கம்பி தான் அந்தச் சத்தத்த வாங்கிக்குது" என்றார். நிறுத்தினேன். கோடு போய்விட்டது. என் மோட்டார்தான் காரணம் என்று என் மனைவிக்குக்கூடப் புரிந்தது. மாடியக்கா மட்டும் கடைசிவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. அப்புறம் நானே மணி பார்த்துத் தறியை நிறுத்தப் பழகிக்கொண்டேன். அந்தப் பத்து நிமிஷம் எனக்கும் ஓய்வு. பொய் சொல்லக்கூடாது, அதற்காகவே நான் சாட்டிலைட்டை எதிர்பார்த்த நாளும் உண்டு.

கோடு போனாலும் இன்னொரு நோய் போகவில்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிற நாளில் படம் பளிச்சென்று வரும். காற்றில் ஈரம் ஏறி, மூடாக்குப் போட்டு, இன்றைக்கு மட்டும் படம் வந்தால் தேவலை என்று இருக்கிற நாளில் வெறும் புள்ளியாகக் கொட்டும். மழை இல்லாத நாளைக்கு மட்டும் மழை சொல்லும் மெஷின் என்று தங்கை வீட்டுக்காரர் சிரிப்பார். மாடியக்காவும் கூடவே சிரித்துவிட்டு, மேலே போய் ஸ்குரூவை முடுக்கிப் பார்ப்பார்.

ஓர் ஐப்பசியில் அந்தச் சிரிப்பு நின்றது. தங்கை வீட்டில் கல்யாணச் சேலைகளுக்கான பாவு தயாராகிக்கொண்டிருந்தது. முகூர்த்தம் நெருங்கிவிட்டதால் உடனே தறியேற வேண்டும். முந்தின சாயங்காலம் படம் வரவில்லை. மாடியக்கா படியில் நின்றபடியே தங்கைக்குப் போன் செய்தார். நான் கீழே நிறுத்திய தறியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. "இன்னைக்கி படம் வரல. காத்து ஒரு மாதிரி அடிக்குது. நாளைக்கி வேணாம், ஒரு நாள் தள்ளிப் போடச் சொல்லு" என்றார். ஆட்களிடம் சொல்லியாயிற்று, கஞ்சிக்கு அரிசியும் ஊறிவிட்டது என்று அந்தப் பக்கம் பதில் வந்திருக்கிறது. மாடியக்கா இன்னொரு தரமும் வேணாம் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மறுநாள் பாவு நீட்டினார்கள். கஞ்சி பாதி காய்ந்த நேரத்தில் பிடித்த மழை, பாவைச் சுருட்டக்கூட விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் தங்கை எங்கள் படிக்கட்டடியில் வந்து நின்றார். தலையெல்லாம் ஈரம். பின்னால் வீட்டுக்காரர் துண்டைப் பிழிந்துகொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றார். "உன் பொட்டிய நம்பி எங்க பொழப்பே போச்சி" என்று தங்கை கத்தினார். தெருவே எட்டிப் பார்த்தது. எனக்குச் சுள்ளென்று வந்தது. அக்கா நேற்றே வேண்டாம் என்றுதானே சொன்னார் என்று நான் ஆரம்பித்தேன். மாடியக்கா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"படம் வந்திருந்தா பக்காவா சொல்லியிருப்பேன். வரல. தப்பு என் பக்கம் தான்" என்றார்.

தங்கை அக்காவை நிமிர்ந்து பார்த்தார். அடுத்துச் சொல்ல வைத்திருந்த வசவெல்லாம் அப்படியே நின்றுபோனது போலிருந்தது. திரும்பிப் போனார். அதற்கப்புறம் அக்காவோடு பேசவே இல்லை. ஒரே தெரு, ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே கோயில். எதிரே வந்தால் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கடந்து போவார்.

ஏன் இப்படி ஒப்புக்கொண்டீர்கள் என்று நான் மாடியக்காவைக் கோபித்துக்கொண்டேன். சொன்னதைச் சொன்னேன் என்று சொல்ல என்ன தயக்கம்? அவர் வழக்கம்போல, உள்ளே டெஸ்ட் பண்ணி முடிக்காமல் வெளியே கையைக் காட்டக் கூடாது தம்பி என்றார். இது டெலிபோன் இல்லை, கூடப்பிறந்தவள் என்றேன். அதனால்தான் என்றார். இப்படிப் பேசுகிறவரிடம் மேலே என்ன பேசுவது? தறிக்குப் போய்விட்டேன்.

படம் அனுப்புவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. சாயங்காலம் படம், கூட அந்த ஒரு வரி. கொஞ்ச நேரத்தில் நீல டிக் விழும். பதில் வராது. மறுநாள் விடியலில் மாடியக்கா மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலக் கோடியைப் பார்ப்பார். படத்தில் மேகம் இல்லாத நாளில் பாவு நீட்டியிருப்பார்கள், மேகம் இருந்த நாளில் தெரு காலியாக இருக்கும். படத்தை நம்புகிறார்கள் என்று தெரியும். அது போதும் என்று இறங்கி வருவார். எனக்கு இதைப் பார்க்கவே ஆயாசமாக இருக்கும். படம் வேண்டும், அக்கா வேண்டாம், இது என்ன நியாயம் என்று என் மனைவியிடம் புலம்புவேன். ஊர் வம்பு உங்களுக்கு எதற்கு என்பாள் அவள்.

அடுத்த ஆடி ஆவணியில் படங்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலில் ஒரு சாட்டிலைட், அப்புறம் மற்றவை. ஒருநாள் மாடியக்கா ஒயரைக் கழற்றிக்கொண்டே என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். அமெரிக்கக்காரர்களின் அந்தப் பழைய சாட்டிலைட்டுகளுக்கு வயதாகிவிட்டதாம், அணைத்துவிட்டார்களாம். ஆக, கோளாறு வெளியேதானே, விட்டுவிடுங்கள் என்றேன், எனக்கே ஒரு பாரம் இறங்கின மாதிரி. அவர் தலையை ஆட்டினார். ரஷ்யாக்காரர்களுடையது இன்னும் ஓடுகிறதாம், அதைப் பிடிக்கலாமாம். ஆனால் பழையது கொஞ்சம் கெட்டு வந்தாலும் கோடும் புள்ளியுமாக எதையாவது காட்டும். இது அப்படியில்லை, சுத்தமாக வந்தால் வரும், இல்லாவிட்டால் ஒன்றுமே வராது. அவருக்கு ஒன்றுமே வரவில்லை. ஆகவே கோளாறு உள்ளேதான்.

"உங்களுக்கு எதுக்குங்கக்கா இந்தப் பேஜாரு?" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

அவர் ஒயர் நுனியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "படமும் போகலன்னா, என் கிட்ட இருந்து அவளுக்குப் போறதுக்கு வேற இன்னா இருக்கு தம்பி?" என்றார்.

கூடப் போய் நின்றேன்.

வாரக்கணக்கில் தேடினோம். ஒயர் முழுவதையும் புதிதாக மாற்றினார். டாங்கிளை மாற்றினார். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டினார். நான் தறியை நிறுத்தி, டியூப்லைட்டை அணைத்து, இன்வெர்ட்டரை அணைத்து, ஒருநாள் மெயினையே இறக்கினேன். சமையல்கட்டில் மிக்ஸி நின்றுபோய் என் மனைவி கத்தினாள். லேப்டாப்பில் சிக்னல் கோடு எழும், ஆடும், விழும். படம் வராது. அவருக்கு முழங்கால் வலி அப்போதே ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறுவார், மேலே போனதும் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குவார். எனக்கும் சலித்துவிட்டது. அவர் ஏறுகிற சத்தம் கேட்டால் தறிச் சத்தத்தில் கேட்காதவன் போல் இருக்கலாமா என்றுகூடத் தோன்றும். ஆனால் அவர் கூப்பிட மாட்டார். கூப்பிட்டிருந்தால் போகாமல் இருந்திருப்பேனோ என்னவோ, கூப்பிடாததால் போய்க்கொண்டே இருந்தேன்.

காய்ந்த காற்று அடிக்கிற நாளில் மட்டும் படத்தில் ஓரிரு துண்டாவது சுத்தமாக இறங்குவதை அவர்தான் கவனித்தார். ஈரக் காற்றில் ஒன்றுமில்லை. மாடியக்கா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். மழை நாளில்தான் எக்ஸ்சேஞ்சில் புகார் குவியுமாம். எங்கேயோ ஒரு ஜாயின்டில் ஈரம் இறங்கியிருக்கும், வெயிலடித்தால் தானே சரியாகிவிடும். அந்த மாதிரிக் கோளாறை உலர்ந்த நாளில் தேடினால் அகப்படாது, ஈரமாக்கித்தான் தேட வேண்டும் என்றார்.

அடுத்த முறை சாட்டிலைட் வந்தபோது நான் செம்பில் தண்ணீரோடு மொட்டை மாடியில் நின்றேன். அவர் கீழே தன் அறை வாசற்படியில் லேப்டாப்போடு உட்கார்ந்து சொன்ன இடத்திலெல்லாம் நான் ஊற்றினேன். ஒயரில் ஊற்றினேன், சிக்னல் அசையவில்லை. கீழே இணைக்கிற இடத்தில் ஊற்றினேன், அசையவில்லை. பலகையில், ஒன்றுமில்லை. கடைசியில் இரண்டு கம்பியும் சேருகிற இடத்தில், ஜரிகைக் கட்டின்மேல் ஊற்றினேன்.

"நிறுத்துங்க" என்றார்.

சிக்னல் அடியோடு படுத்துவிட்டது. அவர் மெல்ல ஏறி வந்து பார்த்தார். அடியில் சுற்றியிருந்த டேப் வெயிலில் வெடித்துச் சுருண்டிருந்தது. ஜரிகை இரண்டு கம்பியையும் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தது. ஜரிகை என்றால் என்ன, நூலின்மேல் சுற்றிய செம்புக் கம்பிதானே. காய்ந்திருக்கும்போது எப்படியோ சமாளித்திருக்கிறது. ஈரம் ஏறினால் இரண்டு கம்பியையும் ஒன்றாகச் சேர்த்து, வருகிற சிக்னலை அங்கேயே தின்றுவிட்டிருக்கிறது. மழை இல்லாத நாளைக்கு மட்டும் மழை சொல்லும் மெஷினுக்குக் காரணம் அதுதான்.

மாடியக்கா முடிச்சை நகத்தால் நெகிழ்த்தி, சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். "சர்வீஸ் பூரா செம்புக் கம்பியோட தான் மாரடிச்சேன் தம்பி. இத ஜரிகைன்னு தான் பார்த்தேன். கம்பின்னு பார்க்கவே தோணல" என்றார். நெசவாளி வீட்டில் பிறந்த நானும்தான் அத்தனை நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் எவனுக்கும் தோன்றியிருக்காது.

நைலான் கயிறு வாங்கி வந்து கட்டினோம். இரண்டு நாள் கழித்து, மூடாக்குப் போட்டு வெக்கையாக இருந்த ஒரு சாயங்காலம் படம் இறங்கியது. பழைய படம் இதன் கால் தூசிக்கு வராது. கடல், கரை, கரையை நோக்கி வந்துகொண்டிருந்த ஒரு பெரிய மேகத் திரள், எல்லாம் கண்ணாடி மாதிரி. எனக்கே ஆனந்தமாகிவிட்டது. அனுப்புங்கள் என்று அவசரப்படுத்தினேன். அவர் போனை எடுக்கவில்லை. பிரித்த ஜரிகையைச் சுருட்டி மேஜைமேல் வைத்திருந்தார், அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. தங்கை வந்திருந்தார். எங்கள் வாசலில் நின்று என் மனைவியிடம் தணிந்த குரலில், படமே வருவதில்லையே, அக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தார். படம் போய்க்கொண்டிருந்தவரை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர், நின்ற பிறகு வந்து நிற்கிறார். மாடியக்கா காதிலும் அது விழுந்தது. ஜரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்.

எனக்கு இவரைத் தெரியும். மறுபடியும் தப்பு என் பக்கம் என்று சொல்லப் போகிறார், இந்த முறை கையில் சாட்சி வேறு இருக்கிறது. பின்னாலேயே போனேன்.

மாடியக்கா கடைசிப் படியில் நின்று கையை விரித்துக் காட்டினார். "படம் ஏன் வரலன்னு கண்டுபுடிச்சிட்டேன். இது தான். அன்னைக்கி வராம போனதும் இதால தான் இருக்கணும். அது என் தப்பு" என்றார். எக்ஸ்சேஞ்சில் புகாருக்குப் பதில் சொல்லும்போது இப்படித்தான் பேசியிருப்பார் என்று நினைத்தேன். "இவ்ளோ தான் என் தப்பு. பாவ நீட்டுனது என் தப்பு இல்ல. நான் வேணாம்னு சொன்னேன். ரெண்டு வாட்டி சொன்னேன்."

தங்கை ஜரிகையை வாங்கி விரலால் நீவினார். வளைந்து வளைந்து நின்ற அந்த இழையில் தன் முடிச்சு இருந்த இடம் அவருக்குத் தெரியாமலிருக்குமா?

"இது நான் கட்டுனது" என்றார்.

"கட்டுனது நீ. கவனிக்காதது நானு."

தங்கையின் கண் நிறைந்துவிட்டது. "நீ சொன்னது எனக்குத் தெரியும்க்கா. நானும் வேணாம்னு தான் சொன்னேன். அவரு கேக்கல. அன்னைக்கி அவரு பின்னாடி நின்னுகினு இருக்காரு, நான் யார சொல்வேன்? உன்ன சொன்னேன். நீ இல்லன்னு சண்டை போடுவேன்னு நெனச்சேன். நீ ஒத்துக்குனே. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிகினு வர்றது?"

மாடியக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நிற்க முடியாத அளவுக்குக் களைத்துப்போனவர் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார். தங்கையும் பக்கத்தில் உட்கார இடமில்லாமல் அடுத்த படியில் உட்கார்ந்தார். நானும் என் மனைவியும் உள்ளே போய்விட்டோம். என் தப்பு இல்லை என்கிற அந்த ஒரு வார்த்தைக்காக இத்தனை நாள் இந்த மனுஷி ஒயரையும் டாங்கிளையும் மாற்றிக்கொண்டிருந்தாரே என்று எனக்கு ஆத்திரமாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது.

அதற்கப்புறம் அவர் எங்கள் மாடியில் அதிக நாள் இருக்கவில்லை. முழங்கால் முழுசாக மக்கர் செய்துவிட்டது. வேலூரில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் தரைத்தளத்து வீடாகப் பார்த்துப் போய்விட்டார். கம்பியைக் கழற்றித் தரட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும், யாருக்காவது பயன்படும் என்றார். யாருக்கும் பயன்படவில்லை. தங்கை மாதம் ஒருமுறை வேலூர் பஸ் ஏறுகிறார்.

அன்று சாயங்காலத்தைப் பற்றி இன்னும் ஒன்று பாக்கி. தங்கை போன பிறகு மாடியக்கா மேலே போய் அந்தப் படத்தை அனுப்பினார். நீல டிக் விழுந்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாகப் பதிலும் வந்தது. நாளைக்குப் பாவு நீட்டலாமா என்று தங்கை கேட்டிருந்தார். மாடியக்கா வெகுநேரம் கண்ணாடியை மூக்கில் ஏற்றி இறக்கி யோசித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று போனை என்னிடம் நீட்டினார். வழக்கமான வரிதான் முதலில் இருந்தது. மேகம் இங்க இருக்கு, மழை வருமான்னு எனக்குத் தெரியாது. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்.

"நீட்டி நனைஞ்சா என்னக் கேக்காத."

சரியாக இருக்கிறது, அனுப்புங்கள் என்றேன்.